வட இங்கிலாந்து ஊர்களும் கால்பந்துக் கிளப்புகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படிப்புக்கும், மருத்துவமனை வேலைக்கும், ஐடி வேலைக்கும் வட இங்கிலாந்து வருகிற நம்மவர்கள் வந்த கொஞ்ச நாளிலேயே கேட்கத் தொடங்கும் கேள்விகள் இவை. சனிக்கிழமை மதியம் பாதி ஊர் ஒரே நிறச் சட்டையில் ஒரே பக்கமாக நடந்து போகிறது. திங்கள்கிழமை வேலைக்குப் போனால், ஆட்டம் என்ன ஆனது என்பது எதிரே வருபவர் முகத்திலேயே தெரிகிறது. ஏன் இப்படி என்று யாருக்கும் கேட்கத் தோன்றும். நான் இருப்பது சண்டர்லாந்தில். என் சாய்வு எந்தப் பக்கம் என்பது பதில்களில் தெரியும், அதை மறைக்கப் போவதில்லை.

இத்தனை சின்ன ஊர்களுக்கெல்லாம் எப்படிச் சொந்தமாக ஒரு பெரிய கிளப்?

அந்த ஊர்கள் ஒரு காலத்தில் சின்ன ஊர்களாக இல்லை என்பதுதான் பதில். பிளாக்பர்ன், பர்ன்லி, போல்டன், பிரஸ்டன் எல்லாம் பஞ்சாலை ஊர்கள். 19-ஆம் நூற்றாண்டில் உலகமே உடுத்திய பருத்தித் துணியில் பெரும்பங்கு இங்கிருந்து போனது. நம் பக்கத்துத் தறிகளை ஓயவைத்த துணியும் இதே துணிதான். 1931 செப்டம்பரில் காந்தி பிளாக்பர்னுக்குப் பக்கத்தில் இருக்கும் டார்வனுக்கு வந்து, அந்நியத் துணிப் புறக்கணிப்பால் அடிபட்ட ஆலைத் தொழிலாளர்களை நேரில் சந்தித்துப் பேசினார். இந்த ஊர்களுக்கும் நமக்கும் இருக்கும் பழைய தொடர்பு அது.

1850-இல் வந்த தொழிற்சாலைச் சட்டம், நெசவாலைகளில் பெண்களும் சிறுவர்களும் சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்றது. அவர்கள் இல்லாமல் ஆலை ஓடாது. ஆகவே ஆண்களுக்கும் அரை நாள் கிடைத்தது. கையில் கொஞ்சம் கூலி, பக்கத்துத் தெருவில் மைதானம், 3 மணிக்கு ஆட்டம். அந்த 3 மணி வழக்கம் இன்னும் போகவில்லை.

1888-இல் உலகின் முதல் கால்பந்து லீக் தொடங்கியபோது இருந்த 12 கிளப்புகளில் 6, இந்த ஆலை ஊர்கள் அடங்கிய லங்காஷயர் மாவட்டத்துக் கிளப்புகள்: அக்ரிங்டன், பிளாக்பர்ன், போல்டன், பர்ன்லி, எவர்டன், பிரஸ்டன். மற்ற 6 கிளப்புகள் இங்கிலாந்தின் நடுப்பகுதியைச் சேர்ந்தவை. லண்டனிலிருந்து ஒன்றுகூட இல்லை. முதல் சீசனில் பிரஸ்டன் ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் பட்டம் வென்றது.

கிளப்புகளை ஆரம்பித்தது முதலாளிகளா?

பெரும்பாலும் இல்லை. எவர்டனும் போல்டனும் தேவாலயங்களிலிருந்து வந்தவை. மான்செஸ்டர் யுனைடெட் ரயில்வே தொழிலாளர்கள் தொடங்கியது. சண்டர்லாந்து 1879-இல் பள்ளி ஆசிரியர்கள் சேர்ந்து ஆரம்பித்தது. பணம் படைத்தவர்கள் பின்னால் வந்தார்கள். "இது எங்கள் கிளப்" என்று இங்கே ஒருவர் சொன்னால் அதற்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது.

ஆலை, சுரங்கம், கப்பல் தளம் எல்லாம் மூடிவிட்டார்கள். கிளப் மட்டும் எப்படி நின்றது?

இதற்கு நான் இருக்கும் ஊரையே எடுத்துக்கொள்கிறேன். வியர் ஆற்றின் இரு கரையிலும் நூற்றாண்டுக் கணக்கில் கப்பல் கட்டிய ஊர் சண்டர்லாந்து. கடைசிக் கப்பல் தளம் 1988-இல் மூடப்பட்டது. ஆற்றங்கரையிலேயே இருந்த மங்க்வியர்மவுத் நிலக்கரிச் சுரங்கத்தை 1993 டிசம்பரில் மூடினார்கள். ஐந்தே ஆண்டுகளில் ஊர் பிழைத்த இரண்டு தொழிலும் போய்விட்டன. அப்பா, தாத்தா, மாமா எல்லோரும் ஒரே வாசலில் வேலைக்கு நுழைந்த குடும்பங்கள் இவை. அந்த வாசல் ஒரு நாள் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை யோசித்துப் பாருங்கள்.

1997-இல், அதே சுரங்கம் இருந்த நிலத்தின் மேல் கிளப்பின் புதிய மைதானம் எழுந்தது. பெயர் ஸ்டேடியம் ஆஃப் லைட். கிட்டத்தட்ட 49,000 பேர் உட்காரலாம். வெளியே, சுரங்கத் தொழிலாளர்கள் உள்ளே எடுத்துச் சென்ற டேவி விளக்கைப் பெரிதாகச் செய்து நிறுத்தியிருக்கிறார்கள். ஆட்ட நாளில் 2 மணி வாக்கில் வியர்மவுத் பாலத்தில் போய் நின்றால் ஊரின் கதை முழுவதும் கண்ணில் படும். பாலத்தில் சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டைகள் இடைவெளி இல்லாமல் நகர்கின்றன. கைத்தடியோடு ஒரு பெரியவர், அவர் தோளைப் பிடித்தபடி மகன், முன்னால் ஓடும் பேரன். கீழே ஆற்றில் ஒரு கப்பல்கூட இருக்காது. அந்தப் பெரியவர் அதே வழியில் இளவயதில் ஷிஃப்டுக்குப் போயிருக்கக் கூடும்.

நிசான் கார் ஆலை 1986-இலிருந்து ஓடுகிறது, ஆயிரக்கணக்கான பேருக்கு அதுதான் சோறு போடுகிறது. ஆனால் அது ஊருக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரம் இருக்கிறது. காரில் போய் காரில் திரும்புகிறார்கள். ஒரு தெருவே சேர்ந்து நடந்து போன வேலை போனபின், தெருவே சேர்ந்து நடக்கும் இடமாக மைதானம் மட்டும்தான் மிஞ்சியது. தேவாலயத்தில் கூட்டம் இல்லை, தொழிலாளர்கள் மாலையில் கூடும் பொழுதுபோக்குக் கிளப்புகள் ஒவ்வொன்றாகப் பூட்டுகின்றன, பப்களும் அப்படித்தான். ஊர் முழுக்க ஒன்றாகக் கூடும் பொது இடம் இன்று இது ஒன்றே என்பது என் உறுதியான எண்ணம். மைதானத்தைப் பணக்காரர்களின் பொம்மை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருவது அதனால்தான்.

தோற்றுக்கொண்டே இருக்கும் அணிக்கு எதற்கு இவ்வளவு பணமும் நேரமும்?

இங்கே லீக் அடுக்கடுக்காக இருக்கிறது: உச்சியில் பிரீமியர் லீக், சீசன் முடிவில் நன்றாக ஆடிய அணிகள் ஓர் அடுக்கு மேலே ஏறும், கடைசியில் நிற்பவை கீழே இறங்கும். சண்டர்லாந்து 2017-இலும் 2018-இலும் அடுத்தடுத்துக் கீழே இறங்கி மூன்றாம் அடுக்குக்குப் போனது. வேறு தொழிலாக இருந்தால் வாடிக்கையாளர் விட்டுப் போயிருப்பார்கள். அந்த ஆண்டே டிசம்பர் 26 அன்று, மூன்றாம் அடுக்கில், பிராட்ஃபோர்டு சிட்டியோடு நடந்த ஆட்டத்துக்கு 46,039 பேர் வந்தார்கள். நான்கு சீசன் அங்கேயே கிடந்தது, 2022-இல் மேலே ஏறியது, 2025 மே மாதம் வெம்ப்ளியில் ஷெஃபீல்டு யுனைடெட்டை 2-1 என்று வென்று பிரீமியர் லீகுக்குத் திரும்பியது. 90 நிமிடம் முடிந்து, வீணான நேரத்துக்காகச் சேர்த்த நிமிடங்களில் வந்த அந்தக் கடைசி கோலை அடித்த டாம் வாட்சன் கிளப்பின் சொந்த அகாடமியில் வளர்ந்த பையன். பிரைட்டன் அணிக்குப் போவது முன்பே முடிவாகிவிட்டது. போகும்போது ஊருக்கு இதைக் கொடுத்துவிட்டுப் போனார்.

வயதானவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் 1973-க்குப் போய்விடுவார்கள். இரண்டாம் டிவிஷனில் (அன்றைய இரண்டாம் அடுக்கு) இருந்த சண்டர்லாந்து, இங்கிலாந்து கால்பந்துச் சங்கமான எஃப்ஏ நடத்தும் எஃப்ஏ கோப்பை இறுதியில் பலம் பொருந்திய லீட்ஸை 1-0 என்று வென்ற ஆண்டு. இயன் போர்ட்டர்ஃபீல்டின் கோலும், கோல்கீப்பர் ஜிம் மாண்ட்கமரி அடுத்தடுத்து இரண்டு உதைகளைத் தடுத்ததும் நேற்று நடந்த மாதிரி சொல்வார்கள். அதற்குப் பிறகு பெரிய கோப்பை எதுவும் வரவில்லை. போகிறவர்கள் குறையவும் இல்லை. சீசன் டிக்கெட்டுக்காக விடுமுறைப் பயணத்தைத் தள்ளிப்போடும் குடும்பங்கள் இருக்கின்றன. பக்கத்து இருக்கைக்காரரைப் பார்க்கவும்தான் போகிறார்கள். பல ஆண்டுகளாக அதே ஆள், அதே வரிசை.

நியூகாசில் சட்டை போட்டுக்கொண்டு சண்டர்லாந்தில் நடக்கலாமா?

நடக்கலாம். ஆட்ட நாளில் வேண்டாம்.

இரண்டு ஊருக்கும் சுமார் 20 கிலோமீட்டர்தான். ஒரே மெட்ரோ ரயில் இரண்டையும் இணைக்கிறது. பகை மட்டும் பழையது. 17-ஆம் நூற்றாண்டு உள்நாட்டுப் போரில் நியூகாசில் அரசர் பக்கம், சண்டர்லாந்து பாராளுமன்றத்தின் பக்கம். அதற்கு அடியில் நிலக்கரி வியாபாரப் போட்டி இருந்தது. இன்றைக்கு அது கறுப்பு வெள்ளைக் கோட்டுக்கும் சிவப்பு வெள்ளைக் கோட்டுக்கும் நடுவே நிற்கிறது. வேலையிடத்தில் ஒரு ஊர்க்காரரை மற்ற ஊர்க்காரர் என்று சொல்லிவிட்டால் சிரித்துக்கொண்டே திருத்துவார்கள், ஆனால் மறக்க மாட்டார்கள்.

ஒன்று சொல்லியாக வேண்டும். 2025 மார்ச்சில் நியூகாசில் லிவர்பூலை வென்று லீக் கோப்பையை எடுத்தது. 1955-க்குப் பிறகு அவர்களுக்கு வந்த முதல் உள்நாட்டுக் கோப்பை. எழுபது ஆண்டு காத்திருப்பு என்றால் என்ன என்று எங்களுக்கும் தெரியும்.

லிவர்பூலில் ஒரே வீட்டில் இரண்டு அணி ரசிகர்கள் இருப்பது உண்மையா?

உண்மை. லிவர்பூல் கிளப் இன்று ஆடும் ஆன்ஃபீல்டில்தான் 1884 முதல் எவர்டன் ஆடியது. வாடகைத் தகராறில் 1892-இல் அவர்கள் வெளியேறி குடிசன் பார்க்குக்குப் போனார்கள். காலி மைதானத்தை வைத்துக்கொண்டிருந்த ஜான் ஹோல்டிங் லிவர்பூல் கிளப்பைத் தொடங்கினார். இரண்டுக்கும் நடுவே ஸ்டான்லி பூங்கா மட்டும்தான். அண்ணன் சிவப்பு, தம்பி நீலம் என்பது அங்கே சகஜம்.

1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டில் உள்ள ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிசலில் சிக்கி லிவர்பூல் ரசிகர்கள் 97 பேர் உயிரிழந்தார்கள். சில நாளில் தி சன் நாளிதழ், இறந்தவர்களின் பணத்தை ரசிகர்கள் திருடினார்கள் என்று முதல் பக்கத்தில் பொய் எழுதியது. சட்டத்துக்குப் புறம்பாகக் கொல்லப்பட்டார்கள், ரசிகர்கள் மேல் தவறில்லை என்று விசாரணை நீதிமன்ற ஜூரிகள் தீர்ப்புச் சொல்ல 2016 வரை ஆனது. இன்றும் லிவர்பூலில் பல கடைகளில் அந்தப் பேப்பரை விற்க மாட்டார்கள். தெரியாமல் கேட்டால் முகம் மாறும். துக்கத்தில் நீலச் சட்டைக்காரர்களும் சிவப்புச் சட்டைக்காரர்களும் ஒன்றாகவே நின்றார்கள். பூங்காவின் குறுக்கே இரு அணித் துண்டுகளையும் முடிந்து ஒரே சங்கிலியாகக் கட்டினார்கள். 2015-இல் இரு கிளப் ரசிகர்களும் சேர்ந்து ஆட்ட நாளில் உணவு வங்கிக்குப் பொருள் சேகரிக்கத் தொடங்கினார்கள். டிக்கெட்டோடு ஒரு டின் பீன்ஸும் எடுத்துக்கொண்டு வருவது அங்கே பழகிவிட்டது.

மைதானம் இடம் மாறினால் அந்தத் தெருக்கள் என்ன ஆகும்?

குடிசன் பார்க்கில் எவர்டன் ஆண்கள் அணி கடைசியாக ஆடியது 2025 மே 18 அன்று. இப்போது ஆற்றோரம் பிராம்லி-மூர் துறையில் சுமார் 53,000 இருக்கைகளோடு புது மைதானம். பாழடைந்து கிடந்த துறைமுகப் பகுதிக்கு உயிர் வந்திருக்கிறது, அது நல்லதுதான். ஆனால் பழைய இடத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: இரண்டு ஸ்டாண்டுகளுக்கு நடுவே மூலையில் ஒரு தேவாலயம், வரிசை வீடுகளின் வாசலுக்கு நேர் எதிரே மைதானச் சுவர். ஆட்ட நாள் வியாபாரத்தை நம்பி இருந்த பப்களும் சிப்ஸ் கடைகளும் சுற்றிலும் இருந்தன. எவர்டன் பெண்கள் அணி குடிசனிலேயே ஆடும் என்று முடிவு செய்தது பெரிய ஆறுதல். மைதானத்தை இடித்து வீடு கட்டியிருந்தால் அந்தத் தெருக்கள் செத்திருக்கும்.

கிளப்பே தெருவைக் கெடுத்த கதையும் உண்டு. ஆன்ஃபீல்டு விரிவாக்கத்துக்காகப் பக்கத்துத் தெருக்களில் வீடுகள் வாங்கப்பட்டு ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. பூட்டிய வீடுகளுக்கு நடுவே குடியிருந்தவர்கள் பட்ட பாட்டை இன்றைய பளபளப்பான ஸ்டாண்டைப் பார்ப்பவர்கள் அறிய மாட்டார்கள்.

கிளப் ஒரேயடியாக அழிந்துபோக முடியுமா?

முடியும். பெரி என்ற ஊரின் கதையைச் சற்று நிதானமாகச் சொல்கிறேன், இந்தப் பக்கத்தை எழுதியதற்கு முக்கியக் காரணம் அதுதான்.

பெரி மான்செஸ்டருக்கு வடக்கே இருக்கும் ஆலை ஊர், சந்தைக்குப் பேர்போனது. கிளப் தொடங்கியது 1885. எஃப்ஏ கோப்பையை 1900-இலும் 1903-இலும் வென்றது. 1903 இறுதி ஆட்டத்தில் டார்பி அணியை 6-0 என்று அடித்து, இறுதி ஆட்டங்களிலேயே மிகப் பெரிய வெற்றி என்று வைத்த சாதனையை 2019-இல் மான்செஸ்டர் சிட்டி சமன் செய்தது, இன்னும் யாரும் தாண்டவில்லை. 1894-இலிருந்து இடைவிடாமல் லீகில் இருந்த கிளப் அது.

கடன் மேல் கடன் ஏறி, 2018 டிசம்பரில் கிளப் 1 பவுண்டுக்குக் கை மாறியது. வாங்கியவர் ஸ்டீவ் டேல் என்ற தொழிலதிபர். ஆட்டக்காரர்களுக்கும் ஊழியர்களுக்கும் சம்பளம் வரவில்லை. சம்பளமே வராத நிலையிலும் அந்த அணி 2019 வசந்தத்தில் ஆடி மூன்றாம் அடுக்குக்கு உயர்ந்தது என்பதை நினைத்தால் இன்றும் தொண்டை அடைக்கிறது. புது சீசன் தொடங்கியது, ஆட்டங்கள் ஒவ்வொன்றாக நிறுத்தப்பட்டன. கிளப்பின் முன்னாள் இயக்குநர் ஒருவர் கிக் லேன் மைதானத்தின் மழைநீர்க் குழாயோடு தன்னைக் கைவிலங்கால் பூட்டிக்கொண்டார். யாரோ வாங்கப் போகிறார்கள் என்ற செய்தி வந்ததும் ரசிகர்கள் துடைப்பமும் வாளியும் எடுத்துக்கொண்டு வந்து இருக்கைகளைத் துடைத்து வைத்தார்கள், சனிக்கிழமை ஆட்டம் நடக்கும் என்ற நம்பிக்கையில். ஆகஸ்ட் 27 அன்று வாங்க வந்தவர்கள் பின்வாங்கினார்கள். அன்று இரவே பெரி லீகிலிருந்து நீக்கப்பட்டது.

அதற்குப் பின் நடந்ததை வெளியாட்கள் அதிகம் பேசுவதில்லை. சனிக்கிழமை மதியம் என்ன செய்வது என்று தெரியாமல் ஒரு ஊர் தவித்தது. ரசிகர்களில் ஒரு பகுதியினர் பெரி ஏஎஃப்சி என்று புதிதாக ஆரம்பித்துப் பக்கத்து ஊரான ராட்கிளிஃபின் மைதானத்தில் ஆடினார்கள். இன்னொரு பகுதியினர் பழைய பெயரையும் கிக் லேனையும் விட மறுத்தார்கள். எது உண்மையான பெரி என்பதில் நண்பர்களே பிரிந்தார்கள். 2022-இல் ரசிகர்கள் அமைப்பு அரசு உதவியோடு கிக் லேனை வாங்கியது. இரண்டு தரப்பும் இணைவதற்கான முதல் வாக்கெடுப்பு தோற்றது, 2023-இல் இரண்டாவது வென்றது. அந்த ஆண்டே கிக் லேனில் மறுபடி ஆட்டம் தொடங்கியது. 9-ஆம் அடுக்கில், பக்கத்துக் கிராம அணிகளோடு நடக்கும் ஆட்டங்களுக்கு ஆயிரக்கணக்கில் கூட்டம் வந்தது. 2025-இல் ஒரு படி மேலே ஏறினார்கள்.

இதைத் தடுக்க வழியே இல்லையா?

ஊர்க்காரர் ஒருவர் காப்பாற்றிய உதாரணம் மிடில்ஸ்பரோ. 1986-இல் அந்தக் கிளப் திவாலாகி மைதான வாசலைப் பூட்டினார்கள். சீசனின் முதல் சொந்த ஊர் ஆட்டத்தை ஹார்ட்லிபூலில் போய் ஆடினார்கள். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த, அப்போது முப்பது வயதுகூட ஆகாத ஸ்டீவ் கிப்சன் பணம் திரட்டிக் கைகொடுத்தார். சிட்னி துறைமுகப் பாலத்துக்கே இரும்பு அனுப்பிய வட்டாரம் அது. 2015-இல் பக்கத்து ரெட்கார் உருக்காலையும் மூடப்பட்டது. கிளப் இருக்கிறது.

ஆனால் ஒரு நல்ல மனிதர் கிடைப்பார் என்று எல்லா ஊரும் காத்திருக்க முடியாது. 2025 ஜூலையில் கால்பந்து நிர்வாகச் சட்டம் வந்திருக்கிறது. மேல் ஐந்து அடுக்குகளில் உள்ள கிளப்புகளை மேற்பார்வையிடத் தனி ஆணையம் அமைகிறது. உரிமையாளர்களை அது சோதிக்கும். மைதானத்தை விற்பதற்கும் அதன் அனுமதி வேண்டும். சட்டைநிறம், சின்னம் போன்றவற்றை ரசிகர்களைக் கேட்காமல் மாற்ற முடியாது. இதற்கு எதிராகப் பெரிய கிளப்புகள் முணுமுணுத்தபோது எனக்கு பெரியின் ஞாபகம்தான் வந்தது. ஆறு ஆண்டு தாமதமாக வந்தாலும் வந்தது.

பிளாக்பர்ன் கிளப் இந்தியர்களுடையது என்கிறார்களே?

ஆமாம், பூனாவைச் சேர்ந்த கோழிப்பண்ணைக் குழுமமான வெங்கீஸ் 2010 நவம்பரில் வாங்கியது. 1995-இல் ஜாக் வாக்கர் என்ற உள்ளூர் எஃகு வியாபாரியின் பணத்தில் லீக் பட்டமே வென்ற கிளப் அது. வெங்கீஸ் வந்த பிறகு 2012-இல் பிரீமியர் லீகிலிருந்து இறங்கியது, 2017-இல் மூன்றாம் அடுக்குக்கும் போய் வந்தது. 2012-இல் ஓர் ஆட்டத்தின் நடுவே, கிளப் கொடி போர்த்திய கோழி ஒன்றை மைதானத்துக்குள் விட்டு எதிர்ப்பைக் காட்டினார்கள்.

இந்தியர் என்பதால் வெறுப்பா என்று நம்மவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. இனவெறிப் பேச்சு அங்கங்கே இருந்ததை மறுக்க முடியாது. ஆனால் கோபத்தின் வேர் வேறு. மான்செஸ்டர் யுனைடெட்டை வாங்கிய அமெரிக்கர்களான கிளேசர் குடும்பத்தின் மேலும் இதே கோபம்தான். அந்த அணியின் ரசிகர்களில் ஒரு பகுதியினர் 2005-இல் விலகிப் போய் எஃப்சி யுனைடெட் என்று சொந்தக் கிளப்பே தொடங்கினார்கள். வெங்கீஸ் பணம் போடாதவர்கள் அல்ல. ஊருக்கு வருவதில்லை, பேசுவதில்லை என்பதே குறை. நியூகாசிலை 2021-இல் சவுதி அரசு நிதியம் வாங்கியதும் ஊர் கொண்டாடியது. அந்த அரசின் மனித உரிமை வரலாற்றைப் பேசிய ரசிகர்கள் குறைவு. எனக்கு அது வருத்தம்தான், பகை அணி என்பதால் சொல்லவில்லை.

தெற்காசியர்கள் இத்தனை பேர் இருந்தும் மைதானத்தில் ஏன் அதிகம் காணோம்?

1950-களிலும் 60-களிலும் ஆலைகளின் இரவு ஷிஃப்டுக்கு ஆள் வேண்டும் என்று குஜராத்திலிருந்தும் மிர்பூரிலிருந்தும் சில்ஹெட்டிலிருந்தும் ஆட்களை எடுத்தார்கள். ஆலை மூடியபோது அவர்களும் வேலை இழந்தார்கள். வலி ஒன்றுதான். ஆனால் 70-களிலும் 80-களிலும் மைதானத்தில் நிறவெறிக் கூச்சல் சாதாரணம். மைதானத்துக்கு எதிர் வீட்டில் குடியிருந்தும், ஆட்டம் நடக்கும் மாலையில் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தவர்கள் உண்டு. அவர்களின் பிள்ளைகள் டிவியில் லிவர்பூலையும் மான்செஸ்டர் யுனைடெட்டையும் பார்த்து வளர்ந்தார்கள். வராதவர்கள் மேல் இதில் குற்றம் சொல்ல முடியாது. கதவைத் திறக்க வேண்டியது கிளப்தான்.

மெல்லத் திறக்கிறது. பிளாக்பர்ன் 2022-இல் தன் ஈவுட் பார்க் புல்தரையில் ஈத் தொழுகை நடத்தியது, பிரிட்டனில் ஒரு கால்பந்துக் கிளப் அப்படிச் செய்தது அதுவே முதல் முறை. இன்னொன்றும் நினைவில் வைக்க வேண்டும்: 1985 மே 11 அன்று பிராட்ஃபோர்டின் வேலி பரேட் மைதானத்தில் மர ஸ்டாண்ட் தீப்பிடித்து 56 பேர் இறந்தார்கள். சுற்றியிருந்த மானிங்ஹாம் பகுதியில் தெற்காசியக் குடும்பங்கள் நிறைய. உயிர் தப்பி ஓடி வந்தவர்கள் வீட்டுக்குத் தகவல் சொல்ல அந்தத் தெரு வீடுகள் கதவைத் திறந்து தொலைபேசியைக் கொடுத்தன. ஒவ்வொரு ஆண்டும் மே 11 அன்று நகர மையத்தில் அஞ்சலி நடக்கிறது.

பாதுகாப்பாகப் போய்வரலாமா?

போகலாம். 1990-களின் நடுவிலிருந்து மேல் அடுக்கு மைதானங்களில் எல்லோருக்கும் இருக்கை, ஊழியர்கள், கேமரா உண்டு. குடும்பப் பகுதி என்று தனியாக இருக்கிறது, குழந்தைகளோடு போகிறவர்கள் அதைக் கேட்டு வாங்குங்கள். யாராவது நிறவெறியாகப் பேசினால் மைதானத்தில் ஒட்டியிருக்கும் எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் போதும்.

2024 ஆகஸ்ட் கலவரத்தையும் மறைக்கக் கூடாது. சவுத்போர்ட்டில் சிறுமிகள் கொல்லப்பட்டதை அடுத்துப் பரவிய பொய்ச்செய்தியால் சண்டர்லாந்து, மிடில்ஸ்பரோ, ராதரம் எனப் பல ஊர்களில் வெறிக்கூட்டம் இறங்கியது. சண்டர்லாந்து நகர மையத்தில் கட்டிடம் எரிந்தது. அந்த வாரம் நம்மவர்கள் பலர் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. மறுநாள் காலை துடைப்பத்தோடு தெருவைச் சுத்தம் செய்ய வந்தவர்களும் இதே ஊர்க்காரர்கள்தான். இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை 3 மணி ஆட்டம் ஏன் டிவியில் வருவதில்லை?

பிரிட்டனில் சனிக்கிழமை பிற்பகல் 2.45 முதல் 5.15 வரை நேரலை கிடையாது. பெரிய அணியை வீட்டில் உட்கார்ந்து பார்த்தால் சின்னக் கிளப்புகளுக்குக் கூட்டம் வராது என்று 1960-களில் வந்த ஏற்பாடு. இதற்காக முன்னின்று வாதாடியவர் பர்ன்லி கிளப்பின் தலைவர் பாப் லார்ட். நல்ல ஏற்பாடு, இருக்கட்டும்.

சைவர்களுக்கு அங்கே சாப்பிட என்ன கிடைக்கும்?

சீஸ் வெங்காய பை (மாவுக்குள் வைத்துச் சுட்ட பண்டம்) எல்லா இடத்திலும் உண்டு. பிரஸ்டன் பக்கம் உருளைக்கிழங்கு, வெங்காயம், வெண்ணெய் வைத்த பட்டர் பை கிடைக்கும். வெள்ளிக்கிழமை இறைச்சி தவிர்த்த கத்தோலிக்கர்களிடமிருந்து வந்தது. சிப்ஸ் வாங்கும்போது மட்டும் கவனம்: யார்க்ஷயரிலும் வடகிழக்கிலும் பல கடைகளில் மாட்டுக் கொழுப்பில் பொரிக்கிறார்கள். கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள்.

பெண்கள் கால்பந்து அங்கே புதிதா?

இல்லவே இல்லை. முதல் உலகப்போர்க் காலத்தில் பிரஸ்டன் ஆலைப் பெண்கள் தொடங்கிய டிக் கெர் லேடீஸ் அணி, 1920 டிசம்பர் 26 அன்று குடிசன் பார்க்கில் ஆடியபோது சுமார் 53,000 பேர் பார்த்தார்கள். அடுத்த ஆண்டே, கால்பந்து பெண்களுக்கு ஏற்றதல்ல என்று சொல்லி, இணைக்கப்பட்ட மைதானங்களில் அவர்கள் ஆட எஃப்ஏ தடை போட்டது. ஐம்பது ஆண்டுகள் நீடித்த அநியாயம் அது. இன்று அதே குடிசன் பெண்கள் அணியின் வீடு. இங்கிலாந்துக்கு ஆடிய லூசி பிரான்ஸ், ஜில் ஸ்காட், பெத் மீட் மூவரும் சண்டர்லாந்தில் ஆடி வளர்ந்தவர்கள் என்பதை இந்த ஊர்ச் சிறுமிகளிடம் கேட்டால் பெருமையாகச் சொல்வார்கள்.

எல்லா ஊரிலும் கால்பந்துதானா?

இல்லை. விகன், செயின்ட் ஹெலன்ஸ், ஹல் பக்கம் ரக்பி லீக்தான் உயிர். வேலை நேரத்தை இழந்து ஆட வந்த தொழிலாளிகளுக்கு ஈட்டுத்தொகை தரலாமா என்ற சண்டையில் 1895-இல் ஹடர்ஸ்ஃபீல்டில் பிரிந்து உருவான ஆட்டம் அது.

புதிதாக வந்த நான் எந்த அணியை ஆதரிப்பது?

குடியிருக்கும் ஊரின் அணியை. சென்னையிலேயோ யாழ்ப்பாணத்திலேயோ இருக்கும்போது டிவியில் பார்த்துப் பிடித்த பெரிய அணி ஒன்று இருக்கும், அதை விட வேண்டியதில்லை. ஆனால் உங்கள் தெருவில் இருப்பவர்கள் போகும் மைதானத்துக்கு ஒரு முறையாவது போங்கள். பிரீமியர் லீக் டிக்கெட் கிடைப்பது கடினம், உறுப்பினராகச் சேர்ந்தால்தான் வாய்ப்பு. அதைவிட எளிது கீழ் அடுக்கு ஆட்டங்கள்: அக்ரிங்டன், ராச்டேல், ஹார்ட்லிபூல், சவுத் ஷீல்ட்ஸ், பெரி. முன்பதிவே வேண்டாம் என்கிற இடங்களும் உண்டு, கார்டை எடுத்துக்கொண்டு 2 மணிக்கே போய்விடுங்கள், உள்ளே போனதும் ஒரு சூடான டீ வாங்கிக்கொள்ளுங்கள். நவம்பருக்கு மேல் என்றால் இரண்டு ஜோடி சாக்ஸ் கட்டாயம்.